பட்டாபிராமில் ஒரு தாய்வீடு

என் சம்பந்தியம்மாளை எனக்கு முதலில் பிடிக்காது. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் அவர்களைப் புகழும்போது, உறவு கெட்டுவிடக் கூடாதே என்று பூசி மெழுகுகிறாள் என யாரும் நினைக்கக் கூடாது. பூசி மெழுகத் தெரிந்திருந்தால் நான் இத்தனை பேரிடம் கெட்ட பெயர் வாங்கியிருக்க மாட்டேன்.

பாளையங்கோட்டையில் முப்பத்து நான்கு வருடம் டீச்சர் வேலை பார்த்தேன். கடைசி ஒன்பது வருடம் தலைமையாசிரியை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு வருடம் வீட்டில் இருந்தேன். அந்த ஒரு வருடத்தில் காய்கறிக்காரர், பேப்பர் போடுகிறவர், கேஸ் கொண்டுவருகிறவர் எல்லோரையும் வாசலில் நிற்கவைத்துக் கேள்வி கேட்டு ஓட ஓட விரட்டியிருக்கிறேன். என் வீட்டுக்காரர் தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவர். சாது. ஒரு நாள் சர்ச்சிலிருந்து ஒரு படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"ரெண்டு வருஷம் ஊழியத்துக்குப் போவோமா? இங்க உனக்கு அதட்ட ஆள் பத்தலை" என்றார்.

எங்கள் சபையில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஓய்வு பெற்ற தம்பதிகளில் உடம்பு தெம்பாக இருப்பவர்களை, புது வீடுகள் பெருகுகிற ஊர்களில் உள்ள கிளைச் சபைகளுக்கு இரண்டு வருடம் அனுப்புவார்கள். சம்பளம் கிடையாது, தங்க இடம் மட்டும். போதகர் மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார். மற்றபடி வீடு சந்திப்பது, ஞாயிறு பள்ளி நடத்துவது, ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைப் போய்ப் பார்ப்பது, ஜெபக்கூட்டம் வைப்பது எல்லாம் எங்களைப் போன்ற கிழடுகளின் பாடு. நான் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டேன். எங்களுக்குப் பட்டாபிராம் என்று கடிதம் வந்தது. சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டோம்.

மகளிடம் போனில் சொன்னேன். அவள் கல்யாணமாகிப் பெங்களூரில் இருந்தாள். வேலை பார்க்கிற பெண், சட்டென்று கோபப்பட மாட்டாள்.

"அப்போ நாளைக்கு எனக்கு ஒரு பிள்ளைன்னா நான் எங்கம்மா வர்றது?" என்று கேட்டாள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் அவள் கேட்டது அதை மட்டும் இல்லை, எனக்குத் தெரியும். அவள் பள்ளி ஆண்டு விழாவில் பரிசு வாங்கியபோது நான் என் பள்ளி ஆண்டு விழாவில் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் பட்டம் வாங்கிய அன்று பொதுத்தேர்வு மேற்பார்வை. அவளுக்கு அம்மை போட்டிருந்தபோதுகூட மூன்றாம் நாளே நான் வேலைக்குப் போய்விட்டேன். "ஊர்ப்பிள்ளைங்களுக்கெல்லாம் நீ டீச்சர், எனக்கு எப்பம்மா அம்மா?" என்று பன்னிரண்டு வயதில் ஒரு முறை கேட்டாள். அதற்கும் அவளைத்தான் திட்டினேன். இந்தத் தடவை திட்டவில்லை. "உன் பிரசவத்தப்போ நான் உன் பக்கத்துல இருப்பேன். உன் கையைப் பிடிச்சிட்டு நிப்பேன். இது சத்தியம்" என்றேன். எங்கள் வீட்டில் சத்தியம் செய்ய மாட்டோம், வேதத்தில் கூடாது என்றிருக்கிறது. அவளும் அதைக் கவனித்திருப்பாள்.

பட்டாபிராமில் ஆலயத்துக்குப் பின்னால் மாடியில் எங்கள் வீடு. ஒரு கூடம், ஒரு அறை, ஒருவர் திரும்பினால் இன்னொருவர் வெளியே போக வேண்டிய அடுப்படி. சென்ட்ரலுக்குப் போகிற ரயில் ஒவ்வொன்றும் எங்கள் தட்டு டம்ளரை அசைத்துவிட்டுத்தான் போகும். காலையில் அவர் ஆலயத்தைப் பெருக்குவார், நான் சமையலை முடிப்பேன். ஒன்பது மணிக்கு நோட்டைக் கையில் எடுத்தால் மாலை வரை வீடு சந்திப்பு. எங்கள் சபைக் குடும்பங்கள் பட்டாபிராமோடு நிற்கவில்லை. ஆவடி, பூந்தமல்லி, கரையான்சாவடி என்று சிதறிக் கிடந்தார்கள். பஸ், ஷேர் ஆட்டோ, நடை என்று போய்ச் சேர வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பிள்ளைகள் கதவைப் பாதி திறந்து, காதில் மாட்டியதைக் கழற்றாமலே, "சண்டே கண்டிப்பா வர்றோம் ஆன்ட்டி" என்பார்கள். வர மாட்டார்கள். நானும் அடுத்த வாரம் போய் அதே மணியை அடிப்பேன். யார் முதலில் சலிக்கிறார்கள் பார்ப்போம் என்று எனக்கு ஒரு வீம்பு.

சபைக்குத் தூண் என்று சொன்னால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்த அம்மாதான். காலை வியாபாரத்தை முடித்துவிட்டு, மாவு வாசனையோடே கூட்டத்துக்கு வந்து உட்காரும். என்னை முதல் நாளே எடை போட்டுவிட்டது. "டீச்சரம்மாவுக்குக் கோவம் மூக்கு மேல கீது, ஆனா மனசு சுத்தம்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தது. பாதியாவது உண்மை என்பதால் நான் மறுக்கவில்லை.

அந்த அம்மாவோடு எனக்கு வந்த முதல் சண்டை செல்போனால் வந்தது. பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஒருவர் கண்ணீரோடு ஜெபித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவரின் பையிலிருந்து குத்துப்பாட்டு கிளம்பும். எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். மூன்றாவது வாரம் ஒரு எவர்சில்வர் தூக்குவாளியைக் கொண்டுபோனேன். "எல்லாரும் போனை அணைச்சு இதுல போடணும். என்னோடது முதல்ல" என்று போட்டு, வாளியை நீட்டினேன்.

"இன்னா டீச்சரம்மா, போனை அணைச்சிட்டா எங்கூட்டுக்காரரு ஊரக் கூட்டிடுவாரே" என்றது இட்லிக் கடை அம்மா.

"கூட்டட்டும். ஆண்டவரோட பேசும்போது வேற யார்கிட்டயும் பேச வேண்டாம்" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள். அதிலிருந்து அது எங்கள் கூட்டத்தின் சட்டமாகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. போதகரிடம்கூடச் சொல்லிக்கொண்டேன்.

முதல் வருடம் எங்கள் குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாம் ஒன்றாக வந்து குவிந்தது. மகன் தூத்துக்குடியில் கட்டிய வீட்டின் பிரதிஷ்டை, என் நாத்தனாரின் அடக்கம், என் வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன். இரண்டு வருடத்துக்கும் சேர்த்துக் கொடுத்திருந்த விடுப்பு அத்தனையும் அதற்கே சரியாகப் போனது. எங்கள் நாற்பதாவது கல்யாண நாளைப் பட்டாபிராமிலேயே கொண்டாடினோம். பீடத்தின் முன்னால் எங்களை நிற்கவைத்து ஜெபித்தார்கள். இட்லிக் கடை அம்மா ஒரு அண்டா கேசரி கிண்டிக்கொண்டு வந்தது. அந்த வாரமே மகள் போன் செய்து, தனக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்றாள்.

எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகுதான் யோசனை வந்தது. விடுப்பு இல்லை. சொந்த வீட்டில் வாடகைக்காரர்கள். பாதியில் ஊழியத்தை விட்டுப் போனால் இந்தச் சபைக்கு அடுத்த ஆள் வர ஒரு வருடம் ஆகும். நான் இரண்டு நாள் சாப்பிடாமல் புலம்பியதைக் கேட்டு மகளே வழி சொன்னாள்.

"தாய்வீடுன்னா அம்மா இருக்கிற வீடுதானே. நான் பட்டாபிராமுக்கே வர்றேன்" என்றாள்.

அவள் மாமியார்தான் ஒத்துக்கொள்ளவில்லை. சம்பந்தியம்மாள் திருச்சி, கத்தோலிக்கர். பட்டுப்புடவை இல்லாமல் பக்கத்துத் தெருவுக்குப் போகாதவர், மத்தியானம் இரண்டு சீரியல் பார்ப்பவர் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுவைத்திருந்தேன். கல்யாணப் பேச்சின்போது எந்தக் கோயிலில் தாலி கட்டுவது என்பதில் எங்கள் இருவருக்கும் கொஞ்சம் உரசல். அது ஆறவில்லை. என் மகள் பிடிவாதமாக நின்றதால், எட்டாம் மாதம் முடிகிற சமயத்தில் அவர்களே அவளைக் கூட்டிக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினார்கள். மாடிப்படி ஏறி, இடுப்பில் கை வைத்து, கூடத்தையும் அறையையும் அடுப்படியையும் ஒரு சுற்றுப் பார்த்தார்கள்.

"இதுவா தாய்வீடு?" என்றார்கள்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர்கள் அதோடு விடவில்லை. "நானும் இங்கயே இருக்கேன் சம்பந்தி. நீங்க ஊழியத்துக்கு வெளிய போயிடுவீங்க. நெறமாசக்காரிய தனியா விட முடியாது" என்று பெட்டியைத் திறந்தார்கள். பெட்டியிலிருந்து முதலில் வந்தது ஒரு சாண் உயர மாதா சுரூபம். எங்கள் சபை வீட்டில் சுரூபம் வைக்கும் வழக்கம் கிடையாது. சபை மூப்பர் யாராவது பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று வாசலை எட்டிப் பார்த்தேன். அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். அதை எடுத்துக்கொண்டு போய் அடுப்படி அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்தார்கள். "எங்க வச்சாலும் மாதாவுக்குக் கண்ணு தெரியும்" என்றார்கள். அடுத்த ஒரு மாதம் நான் பருப்பு எடுக்கும்போதெல்லாம் மாதா என்னைப் பார்த்தார்.

நான் வெளியே போகிற நேரத்தில் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். ஜெபம் கேட்டு வருகிறவர்கள், ஆலோசனை கேட்டு வருகிறவர்கள், சும்மா அழுதுவிட்டுப் போக வருகிறவர்கள். நான் இருந்தால் என்ன செய்வேன்? ஒருவர் வாயைத் திறந்ததும் எனக்குத் தீர்வு தெரிந்துவிடும். "முதல்ல நீ இதைச் செய், ரெண்டாவது அதைச் செய்" என்று கரும்பலகையில் எழுதாத குறையாகச் சொல்லிவிடுவேன். தலையாட்டிவிட்டுப் போவார்கள். ஒரு நாள் நான் சீக்கிரம் திரும்பியபோது, மாடிப்படியில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. ஒரு வருடமாக என்னிடம் "நல்லா கீறேன் டீச்சரம்மா" என்ற ஒரே பதிலைச் சொல்லிவந்த ஒரு பெண், சம்பந்தியம்மாளிடம் தன் புருஷன் அடிப்பதை, வருடம் வருடமாக நடந்ததை, கொட்டிக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மாள் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். "ம்… அப்புறம்?" என்பார்கள். அவ்வளவுதான். அந்தப் பெண் மேலே சொல்வாள். மறுபடியும் "ம்… அப்புறம்?" எல்லாம் கேட்டு முடித்து, அவளுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுத்து, "நாளைக்கும் வாம்மா, நான் இங்கதான் இருப்பேன்" என்றார்கள். அவள் மறுநாளும் வந்தாள். பத்தாம் நாள் தன் அண்ணனை வரவழைத்துப் புருஷனிடம் பேச வைத்தாள். நான் எத்தனை உபதேசம் செய்திருந்தாலும் அது நடந்திருக்காது.

இரண்டு வாரத்தில் கீழேயிருந்து கூப்பிடுகிற குரலே மாறிப்போனது. "டீச்சரம்மா கீறாங்களா?" என்று கேட்டவர்கள் "பெரியம்மா கீறாங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "உன்னை டிரான்ஸ்பர் பண்ணிட்டாங்க போலிருக்கே டீச்சர்" என்றார். எனக்கு வயிற்றெரிச்சல்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எரிச்சலோடு எரிச்சலாக, நாள் முழுக்க வீட்டில் இருந்து வருகிறவர்களுக்குச் சலிக்காமல் காது கொடுக்கிற அந்தப் பொறுமை எங்கேயிருந்து வந்தது என்று ஆச்சரியமும் வந்தது. பட்டுப்புடவையை அவர்கள் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. சீரியலும் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் டிவி கிடையாது என்பதே எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. ஒரு நாள்கூட அதைக் குறையாகச் சொல்லவில்லை.

டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. நான் அந்தத் தேதியைத் தேர்வு அட்டவணை மாதிரி நம்பினேன். கடைசி வாரம் முழுக்க வெளியே போவதில்லை என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்திருந்தேன். அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. மகளின் சுகப்பிரசவத்துக்காகச் சபைப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு உபவாச ஜெபம் வைக்க வேண்டும் என்று இட்லிக் கடை அம்மா கேட்டிருந்தது. கரையான்சாவடியில் ஒரு வீட்டில், வெள்ளிக்கிழமை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. காலையில் கிளம்பும்போது மகள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"இடுப்பு வலிக்குதாம்மா?" என்று கேட்டேன்.

"எப்பவும் போலத்தான்மா. நீ போயிட்டு வா. எனக்காகத்தானே போற" என்றாள். சம்பந்தியம்மாள் அவளுடைய காலைப் பிடித்துவிட்டபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. நான் நிற்கவில்லை, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். என் வீட்டுக்காரரும் கல்லறைத் தோட்டத்துக்கு இடம் கேட்டு மனு கொடுக்க, மூப்பரோடு திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

கரையான்சாவடி வீட்டில் நாங்கள் ஒன்பது பேர். தூக்குவாளியில் ஒன்பது போன். வழக்கப்படி என்னுடையது முதலில். பாட்டு, வேதவாசிப்பு முடிந்து ஜெபத்துக்கு வந்தோம். "அவசரப்படாம ஒவ்வொருத்தரா ஜெபிப்போம்" என்று நான்தான் சொன்னேன். என் பிள்ளைக்காக அந்தப் பெண்கள் முழங்காலில் நின்று ஜெபித்ததை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இட்லிக் கடை அம்மா விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து அடுப்பில் நின்ற உடம்போடு, கண்ணை மூடிக்கொண்டு, "ஏசப்பா, எங்க டீச்சரம்மா பொண்ணு நெறமாசமா கீதுப்பா. அதுக்கு நோவு வரசொல்ல தனியா வுட்டுடாத. பெத்தவ கை பக்கத்துல இருக்கணும்பா" என்று கேட்டது. நான் ஆமென் சொன்னேன். ஒரு மணிக்கு முடிய வேண்டியது ஒன்றே முக்கால் ஆனது. யாருக்கும் நேரம் தெரியவில்லை. எங்கள் போன்கள்தான் வாளிக்குள் கிடந்தனவே.

பழரசம் குடித்து உபவாசத்தை முடித்துவிட்டு வாளியைத் திறந்தேன். இட்லிக் கடை அம்மா தன்னுடையதை முதலில் உயிர்ப்பித்தது. உடனே மணி அடித்தது. காதில் வைத்தது. "ஐயா… ஆங், இங்கதான் கீறாங்க" என்றதும் அதன் முகம் மாறியது. போனை என்னிடம் நீட்டியது.

"எங்க போனே?" என்றார் என் வீட்டுக்காரர். கோபமே வராத மனிதர், அன்று கத்தினார். "அந்த வீட்டுல இருக்கிற ஒவ்வொருத்தர் நம்பருக்கும் அடிச்சேன். ஒண்ணுகூடப் போகலை."

"என்ன ஆச்சு?"

"பிள்ளை பிறந்தாச்சு. பன்னிரண்டே காலுக்கு. பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நானே இப்பத்தான் ஆவடி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன்."

"கூட யார் இருந்தா?" என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது.

"சம்பந்திதான்" என்றார்.

அதற்குள் மற்ற பெண்கள் தங்கள் போன்களைத் திறக்க, ஒவ்வொன்றிலும் விட்டுப்போன அழைப்புகள் வந்து விழுந்தன. அந்த அறையில் எல்லாப் போன்களும் ஒரே சமயத்தில் கத்தின. என்னுடையதில் மட்டும் முப்பத்தொன்று. அதில் முதல் ஆறு என் மகளிடமிருந்து வந்தவை. நான் வாளியைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அழுவாத டீச்சரம்மா. வா, ஆட்டோ புடிக்கலாம்" என்று இட்லிக் கடை அம்மா என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கியது. மெட்ரோ வேலைக்குத் தோண்டிப்போட்ட சாலையில் ஆட்டோ ஊர்ந்தது. வழி முழுக்க அது என் கையைப் பிடித்திருந்தது. ஜெபத்தில் தான் கேட்டது அதற்கும் நினைவு இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். அவர்மேல் பாய்ந்தேன், யார்மேலாவது பாய வேண்டியிருந்தது. அவரைத் தாண்டி மாடிக்கு ஓடினேன். பிரசவ அறைக்கு வெளியே, வார்டை ஒட்டிய பெஞ்சில் சம்பந்தியம்மாள் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் கட்டியிருந்த அதே பழைய நூல் புடவை, ஒரு காலில் அவர்கள் செருப்பு, இன்னொரு காலில் என் வீட்டுக்காரருடைய செருப்பு. தலைமுடி கலைந்து கிடந்தது.

"யாரையாவது அனுப்பிச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றேன். நன்றி சொல்ல வேண்டிய வாயில் அதுதான் வந்தது.

அவர்கள் கோபப்படவில்லை. "வீடு எங்கன்னு தெரியலையே சம்பந்தி. கரையான்சாவடின்னு மட்டும்தானே சொல்லிட்டுப் போனீங்க. நீங்க படி இறங்கின ஒரு மணி நேரத்துல பனிக்குடம் உடைஞ்சிருச்சு. விடியக்காலையிலேர்ந்தே வலியாம், உங்க பொண்ணு சொல்லலை. சொன்னா நீங்க போக மாட்டீங்கன்னு" என்றார்கள்.

பேசும்போது அவர்கள் புடவைத் தலைப்பால் இடது கையை மூடிக்கொண்டிருந்தார்கள். விலகியபோது பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நகம் பதிந்த தடங்கள். இரண்டு இடத்தில் தோல் கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. என் மகளின் நகம். நான் பிடித்துக்கொள்வதாகச் சொன்ன கை பிடித்த இடம்.

"உள்ள ஒருத்தரைத்தான் விட்டாங்க. நான் போனேன்" என்றார்கள். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. வலி வரும்போதெல்லாம் அம்மா அம்மான்னு கூப்பிட்டா. எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. ஆனா இவ கண்ணைத் திறந்து கதவைப் பார்த்துப் பார்த்துக் கூப்பிட்டா. உங்களைத்தான் தேடினா. பதில் வரலைன்னா பிள்ளை பயந்திடுமேன்னு, ஒவ்வொரு தடவையும் நான் 'இருக்கேம்மா'ன்னு சொன்னேன். உங்க பதிலை நான் சொல்லிட்டேன்."

எனக்குப் பொறாமை வந்தது. அந்த நேரத்திலும் வந்தது, அதையும் எழுதத்தான் வேண்டும். நான் சொல்லியிருக்க வேண்டிய ஒரே வார்த்தையை இன்னொருத்தி சொல்லிவிட்டாளே என்று நெஞ்சு எரிந்தது. அப்புறம் அவர்கள் கையை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, பையிலிருந்த கைக்குட்டையை நனைத்து, காய்ந்த ரத்தத்தைத் துடைத்தேன். அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. என் முப்பத்து நான்கு வருட அதிகாரத்தில், செய்த காரியத்தை இப்படி மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை. தன் பேத்தி பிறந்த நாளில், தன்னைப் பாராட்டச் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் இடத்தில் நின்றதற்கு என்னிடமே அனுமதி கேட்டார்கள்.

"நான் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன்" என்றேன்.

"தெரியும். ஆட்டோவுல வரும்போது சொன்னா" என்றார்கள்.

"கோபமா இருக்காளா?"

அவர்கள் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்கள். நான் மறுபடி கேட்கவில்லை. உள்ளே போய் அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எத்தனை பெற்றோரை என் அறையில் நிற்கவைத்து, பிள்ளைகளைக் கவனிப்பதில்லை என்று வெளுத்து வாங்கியிருப்பேன். இப்போது என்னால் ஒரு கதவைத் தள்ள முடியவில்லை. நர்ஸ் ஒரு முறை வந்து, தாய் தூங்குகிறாள், குழந்தையும் தூங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். இட்லிக் கடை அம்மா எங்கேயோ போய் இரண்டு டம்ளர் டீ வாங்கிவந்து எங்கள் கையில் திணித்துவிட்டு, கீழே என் வீட்டுக்காரரோடு போய் நின்றுகொண்டது.

டீ ஆறிப்போன நேரத்தில் உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அம்மா."

நான் சம்பந்தியம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். காலையிலிருந்து அந்தக் குரலுக்குப் பதில் சொன்னவர்கள் அவர்கள். அவர்கள் போவதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது. கால்களை ஒதுக்கி வழி விட்டேன்.

அவர்கள் எழுந்திருக்கவில்லை. என் கையிலிருந்த டீ டம்ளரை வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள்.

"போங்க சம்பந்தி" என்றார்கள். "என்னை அத்தைன்னுதான் கூப்பிடுவா."

நான் எழுந்தேன். கதவைத் தள்ளுவதற்கு முன்னாலேயே, அவள் காதில் விழ வேண்டும் என்று, "இருக்கேம்மா" என்றேன்.